ஸ்கேலில் இல்லாத நோட்: ஜாஸ் கிட்டாரில் க்ரோமாட்டிக் உங்கள் கைக்கு எப்படி வந்தது?

ஜாஸ் வாசிக்கும் நண்பர்களுக்கு வணக்கம். ஸ்கேலுக்கு வெளியே உள்ள க்ரோமாட்டிக் நோட் உங்களுக்கு எப்போது பிடிபட்டது என்று கேட்கத்தான் இந்த இழை. என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் ஆசிரியர் சி செவன் கார்டை (சி, ஈ, ஜி, பி ஃப்ளாட்) பிடித்துக்கொண்டு, மேல் சி-யிலிருந்து ஸ்கேலில் இறங்கச் சொன்னார். நான்கு பீட்டுக்கு எட்டு நோட்: சி, பி ஃப்ளாட், ஏ, ஜி, எஃப், ஈ, டி, சி. ஒன்றும் தவறில்லை, ஆனால் வாசித்ததில் கார்டு கேட்கவில்லை. "ஒவ்வொரு பீட்டின் தலையிலும் எது விழுகிறது, சொல்லு" என்றார். சி, ஏ, எஃப், டி. இதில் கார்டைச் சேர்ந்தது சி மட்டும்தான். அடுத்து, சி-க்கும் பி ஃப்ளாட்டுக்கும் நடுவில் பி-யை நுழைக்கச் சொன்னார். சி, பி, பி ஃப்ளாட், ஏ, ஜி, எஃப், ஈ, டி. இப்போது பீட்டில் விழுவது சி, பி ஃப்ளாட், ஜி, ஈ. முழு சி செவன்! பின்னால் யாரும் கார்டு பிடிக்காவிட்டாலும் அது தெளிவாகக் கேட்கிறது. அந்தக் கார்டுக்கு ஆகவே ஆகாது என்று எண்ணத் தோன்றும் பி-தான் இதைச் செய்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஏழு நோட் உள்ள ஸ்கேல் எட்டு அரை பீட்டுகளில் சரியாக உட்காராது, எட்டாவதாக ஒன்று வேண்டும். இதை பீபாப் (1940களில் பிறந்த வேகமான ஜாஸ் பாணி) ஸ்கேல் என்று பாடமாக்கிப் பரப்பியதில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கருக்குப் பெரிய பங்கு. டெட்ராய்ட்டில் பிறந்த பியானோ கலைஞர் பேரி ஹாரிஸ் இதையே அரைச்சுர (கிட்டாரில் ஒரு ஃப்ரெட் தூர) விதிகளாகக் கற்பித்தார். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் தலைமுறை வாசித்துக் காட்டிய பிறகு வந்த இலக்கணம் இது.

*

அண்ணா, நான் பாரிஸில இருந்து எழுதுறன். எனக்கு இது கணக்கால வரேல்லை, காதால வந்தது.

ஜாஸ் கிட்டார் மேதை ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் கடைசிக் காலத்தில இருந்த ஊர் சமுவா, சேன் நதிக்கரையில. கோடை விழா நேரம் மேடையை விட, வெளியில கூடாரம் அடிச்சிருக்கிற ஆக்கள் மரத்துக்குக் கீழ இருந்து வாசிக்கிறதுதான் எனக்கு விருப்பம். அங்க ஒரு பெரியவர் ஒரே விரலை ஒரே தந்தியில கீழ இருந்து மேல வரைக்கும் கொண்டு போனார். வழுக்கல் சத்தமே இல்லை, ஒவ்வொரு அரைச்சுரமும் தனித்தனியாக் கேட்டுது. 1928 இல குடியிருந்த கரவன் வண்டி தீப்பிடிச்சு ஜாங்கோவின்ர இடக்கையில மோதிர விரலும் சின்ன விரலும் பழுதாப் போச்சுது. மிச்ச ரெண்டு விரலாலதான் அவர் சோலோ வாசிச்சவர், இந்த ஓட்டம் அவரின்ர முத்திரை மாதிரி.

எங்க தொடங்குறீங்கள் எண்டு கேட்டன். அவர் வாயால பதில் சொல்லேல்லை. போய் நிக்கப்போற நோட்டை முதல் தனிய அடிச்சுக் காட்டிட்டு, கீழ இருந்து ஓடி வந்து அதில நிண்டார். பிறகு வேற நோட்டைக் காட்டினார், திரும்பவும் அப்படியே. வீட்டில நானும் இண்டைக்கு வரைக்கும் அப்படித்தான் பழகுறன்.

*

கோவையிலிருந்து நான். பல வருடம் கர்நாடக வயலின் கற்றுவிட்டுக் கிட்டாருக்கு வந்தவள்.

முதல் பதிவில் இறங்கிய ஸ்கேல் நம் ஹரிகாம்போஜி ராகம். இடையில் நுழைத்த பி, காகலி நிஷாதம் (இரண்டு நி-யில் மேலே உள்ளது). ஹரிகாம்போஜியில் பிறந்த காம்போஜியிலும் அதே காகலி நிஷாதம் அன்னிய ஸ்வரமாக (ராகத்துக்கு வெளியே உள்ள ஸ்வரமாக) வருகிறது, "ச நி ப த ச" என்ற பிடியில், அதாவது ஸ்வரக் கோர்வையில்! ஆனால் அதற்கு அனுமதி கொடுப்பது அந்தப் பிடி. காகலியையும் கைசிகியையும் (கீழே உள்ள நி, அதாவது பி ஃப்ளாட்) அடுத்தடுத்து வைத்து இறங்கினால் காம்போஜி கலைந்துபோகும். ஜாஸில் அனுமதி கொடுப்பது பீட்டும், போய்ச் சேரும் நோட்டும். இந்த வித்தியாசம் புரிந்த பிறகுதான் அடுத்தடுத்து வரும் அரைச்சுரங்களை என் காது ஏற்றுக்கொண்டது.

விரலுக்கு உதவியது என்க்ளோஷர், அதாவது சேர வேண்டிய நோட்டை மேலும் கீழும் சுற்றிவிட்டுத் தொடுவது. ஈ-க்குப் போக வேண்டுமானால் மேலே எஃப், கீழே டி ஷார்ப், பிறகு ஈ. இரண்டாம் தந்தியில் ஃப்ரெட் 6, 4, 5. டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் போகும்போது மூன்று கார்டின் மூன்றாம் ஸ்வரங்களையும், அதாவது எஃப், பி, ஈ ஆகியவற்றை, இப்படிச் சுற்றி வளைத்துத் தொடுகிறேன். வேறெதுவும் வாசிக்காவிட்டாலும் கார்டு மாறுவது கேட்கிறது.

*

பீட் கணக்கை நானும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், ஆனால் அதோடு நிறுத்த மாட்டேன். 1941-இல் ஹார்லெமின் மின்டன்ஸ் கிளப்பில் பதிவான கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனைக் கேளுங்கள். கார்டுக்கு வெளியே உள்ள நோட் சில இடங்களில் பீட்டின் தலையிலேயே உட்கார்ந்துகொள்ளும், கார்டின் நோட் பிந்தி வரும். அந்தக் காத்திருப்பில் என்ன ஒரு சுகம்! கிறிஸ்டியன் 25 வயதில் இறந்துவிட்டார். பின்னால் வந்த கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி அவருடைய சோலோக்களைக் காதால் கேட்டே நோட்டுக்கு நோட் கற்று, அவற்றை வாசித்துத்தான் இண்டியானாபோலிஸ் கிளப்பில் தொடங்கினார்.

கோவைச் சகோதரிக்கு: அந்த 6, 4, 5-ஐப் பீட்டின் தலையில் தொடங்கினால் ஈ அடுத்த பீட்டில் சரியாக விழும். அரை பீட் தள்ளித் தொடங்கிப் பாருங்கள். டி ஷார்ப் பீட்டில் உட்காரும், ஈ அதற்குப் பின்னால் வரும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) இரண்டாம், நான்காம் பீட்டுக்கு மட்டும் வைத்து, முதலில் வாயால் பாடிவிட்டு வாசியுங்கள்.