ஃபிரேம், ரிசீவர், அவற்றின் முடிவுறாத வடிவம்: தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கச் சுடுகலன் சட்டச் சொற்பட்டியலில் ஒரு பதிவு முடிவாகாமல் நிற்கிறது. ‘ஃபிரேம்’, ‘ரிசீவர்’ (சுடும் பொறி போன்ற உறுப்புகள் அமரும், துப்பாக்கியின் உடற்பாகம்) இரண்டுக்கும், அவை முழுமையடையாமல் இருக்கும் நிலைக்கும் சொல் வேண்டும். செய்திகளில் ‘துப்பாக்கி பாகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது போதாது. குழல், விசை, ஸ்லைடு எல்லாமே துப்பாக்கி பாகங்கள்தான். கூட்டாட்சிச் சட்டப்படி அவற்றைத் தனியே விற்க உரிமம் தேவையில்லை. ஒலியடக்கியை ஒதுக்கிவைத்தால், ஒரே ஒரு பாகம்தான், அதாவது ஃபிரேம் அல்லது ரிசீவர்தான், தனியாகக் கிடந்தாலும் முழுச் சுடுகலனாகக் கருதப்படுகிறது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படி வகுத்திருக்கிறது. அந்தப் பாகத்தை வணிகமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும், அதில் வரிசை எண் பொறித்திருக்க வேண்டும், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும்.

என் முன்மொழிவு: ஃபிரேம் – தாங்கி. ரிசீவர் – ஏற்பி (குழலை ஏற்றுக்கொள்வதால்). முடிவுறாதது – குறை ஏற்பி.

*

> ரிசீவர் – ஏற்பி (குழலை ஏற்றுக்கொள்வதால்)

வணக்கம். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. குழலை ஏற்பதுதான் அடையாளம் என்றால் ஏ.ஆர்-15 என்ற நெடுந்துப்பாக்கியில் தவறான பாகத்தைச் சுட்டிவிடுவோம். அங்கே குழல் பொருந்துவது மேல்பாதியில். சுடுகலன் சட்டத்தைச் செயல்படுத்தும் அமெரிக்க அரசு முகமையான ஏ.டி.எஃப் சுடுகலனாகக் கொள்வதும் எண் பொறிக்கச் சொல்வதும் கீழ்ப்பாதியை.

இந்தச் சிக்கல் ஆங்கிலத்திலேயே வெடித்தது. ஏ.டி.எஃப்பின் பழைய விதியின் வரையறைப்படி, சுத்தியல், போல்ட் (குழலின் பின்புறத்தை அடைப்பது), சுடும் பொறி ஆகியவற்றுக்கு இடம் தருவதும், பெரும்பாலும் முன்முனையில் குழலை ஏற்க மரை வெட்டப்பட்டிருப்பதும் ரிசீவர். ஏ.ஆர்-15இன் கீழ்ப்பாதியில் சுத்தியலும் விசையும் உண்டு. போல்ட்டும் குழலும் இல்லை. இதைக் காட்டியே சில கூட்டாட்சி நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வென்றார்கள்.

2022 ஆகஸ்ட் 24 அன்று நடைமுறைக்கு வந்த விதி இரண்டையும் பிரித்தது. கைத்துப்பாக்கியில் இருப்பது ஃபிரேம்: சுத்தியலையோ அடிப்பானையோ சுடும் கணம் வரை பிடித்து நிறுத்தும் உறுப்புக்கு இடம் தருவது. நெடுந்துப்பாக்கியில் இருப்பது ரிசீவர்: குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டுக்கு இடம் தருவது. இந்த இலக்கணப்படி ஏ.ஆர்-15இன் மேல்பாதி ரிசீவர் ஆகிவிடும். ஆனால் ஏ.டி.எஃப் முன்பே வகைப்படுத்திய வடிவமைப்புகள் பழையபடியே தொடரும் என்று விதியே விலக்குத் தந்து, கீழ்ப்பாதியைத் தக்கவைத்தது.

ஆகவே எந்த வேலையைச் செய்கிறது என்பதைச் சொல்லுக்குள் புதைக்க வேண்டாம். வரையறை மாறும், சொல் மாறக்கூடாது.

*

பட்டறைப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள். இது ஒரே பொருளின் இரண்டு நிலை அல்ல, மூன்று நிலை. உருவமே எடுக்காத உலோகக் கட்டி அல்லது பாலிமர்க் குழம்பு முதலில். பிறகு, இன்ன ஆயுதத்தின் உறுப்பு என்று பார்த்ததும் தெரிகிற, ஆனால் வேலை முடியாத உருவம். கடைசியாக முடிந்த பாகம். முதலாவது விதிக்கு வெளியே. மூன்றாவதில் ஐயம் இல்லை. சிக்கல் முழுவதும் நடுவில் இருப்பதைப் பற்றியது: எளிதில் முடிக்கக்கூடியதானால் அதுவும் ஃபிரேம் அல்லது ரிசீவர்தான் என்கிறது 2022 விதி.

நடுவில் இருப்பதிலும் இரண்டு வகை உண்டு. சுடும் பொறி அமரவேண்டிய குழி வெட்டப்படாமல், துளை எங்கே என்ற குறியும் இல்லாமல், வார்ப்பச்சோ கருவியோ வழிகாட்டியோ உடன் வராமல் தனியே விற்கப்படும் ஏ.ஆர் வகை வெற்றுருவை ரிசீவராகக் கொள்வதில்லை என்று 2022 செப்டம்பர் மடலில் ஏ.டி.எஃப் விளக்கியது. அதே உருவை ஜிக்கோடு (துளையிட, வெட்ட வழிகாட்டும் பிடிப்புச் சட்டம்) சேர்த்து விற்றால் கணக்கு மாறும். உடன் விற்கும் ஜிக், அச்சு, செய்முறைத் தாள், விளம்பரம் எல்லாவற்றையும் எடைபோட விதி இடம் தருகிறது. பாலிமர் கைத்துப்பாக்கி ஃபிரேம்கள் சிலவற்றில் ஜிக் இல்லாவிட்டாலும் ஃபிரேம்தான் என்று அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு மடல் வந்தது. ஆகவே ‘குறை’, ‘அரைகுறை’ போன்ற சொற்கள் வேண்டாம். குறை என்றதும் சட்டத்துக்கு வெளியே என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

முடிவுறாத இந்த உருவைக் கடைகள் ‘80 விழுக்காடு’ என்று சொல்வதை யாரும் கலைச்சொல்லாகப் பதிய வேண்டாம் என்று வேண்டுகிறேன். சட்டத்தில் விழுக்காட்டு அளவே கிடையாது. அது விற்பனைப் பெயர். நேரம், எளிமை, தேர்ச்சி, கருவி, பிற உறுப்புகள் கிடைக்கும் நிலை, செலவு, மாற்றவேண்டிய அளவு, பழுதாக்காமல் செய்ய இயலுமா என்பது: இந்த எட்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

*

> எந்த வேலையைச் செய்கிறது என்பதைச் சொல்லுக்குள் புதைக்க வேண்டாம்

இது அளவுக்கு மீறிய அச்சம் என்று நினைக்கிறேன். தமிழில் கருவிப் பெயர்கள் வேலையைக் கொண்டே பிறக்கின்றன. சுழலாமல் பழுதாகிக் கிடந்தாலும் மின்விசிறி மின்விசிறிதான். தாங்கி, ஏற்பி என்பதில் என்ன தவறு?

*

பழுதானது வேறு, முடிவுறாதது வேறு. மின்விசிறி ஒருகாலத்தில் சுழன்றது. இன்னும் எதையும் தாங்காத ஒன்றைத் ‘தாங்கி’ என்றால், தாங்குகிறதா என்ற கேள்வி அந்த விகுதியிலேயே எழுந்துவிடுகிறது. ‘எதையும் தாங்கவில்லை, ஆகவே தாங்கி அல்ல’ என்ற வாதத்துக்கு நாமே சொல்லெடுத்துக் கொடுத்ததாகும்.

இது வெறும் இலக்கணப் பேச்சில்லை. சட்டத்தின் 921ஆம் பிரிவில், முதல் உட்பிரிவு எளிதில் சுடுகலனாக மாற்றக்கூடிய ஆயுதத்தைப் பேசுகிறது. இரண்டாவது உட்பிரிவு அந்த ஆயுதத்தின் ஃபிரேம் அல்லது ரிசீவர் என்று மட்டும் சொல்கிறது; ‘எளிதில்’ அங்கே இல்லை. இல்லாததை விதி சேர்த்துவிட்டது என்று ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் அதை மாற்றியது. நீதிபதி கோர்சச் எழுதிய தீர்ப்பு பெயர்ச்சொல்லையே ஊன்றுகோலாகப் பிடித்தது: மனிதர் செய்யும் பொருளின் பெயர், பயன் தெளிவாகத் தெரிந்தால், முடிவுறாத பொருளையும் சில வேளைகளில் குறிக்கும், எழுதி முடிக்காத நாவலையும் நாவல் என்கிறோம், பூட்டாமல் பெட்டியில் வந்த மேசையையும் மேசை என்கிறோம். தாமஸ், அலிட்டோ இருவரும் மாறுபட்டார்கள்.

நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கைத்துப்பாக்கித் தொகுப்பு ஏறத்தாழ 21 நிமிடத்தில் சுடும் நிலைக்கு வந்தது என்பது பதிவில் உள்ளது. எல்லா வெற்றுருவும் சுடுகலன் என்று தீர்ப்பு சொல்லவில்லை. விதி முழுவதுமே செல்லாது என்று வந்த வழக்கு அது; விதி சரியாகப் பொருந்தும் பொருள்கள் சிலவாவது இருந்ததால் வழக்கு தோற்றது. எல்லைக்கோட்டில் நிற்பவை தனித்தனியே வழக்காகும்.

எனவே நமக்கு வேண்டியது உருவத்தின் பெயர், வினையின் பெயரன்று. சட்டகம், கூடு இரண்டும் அப்படிப்பட்டவை. படைக்கலம் என்பதிலுள்ள ‘கலம்’ முன்னே சேர்த்தால் கலச்சட்டகம், கலக்கூடு. ஏ.ஆர்-15க்கு மேற்கூடு, கீழ்க்கூடு என்று இயல்பாகப் பிரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021ஆம் ஆண்டு நெறியாணை இரண்டு பாதிகளையுமே இன்றியமையா உறுப்பாகக் கொள்கிறது. அங்கும் இதே சொற்கள் உதவும்.

*

கலக்கூடு எனக்கு ஏற்புடையது. இந்தியப் படைக்கலச் சட்டம் (1959) ‘ஆயுதம்’ என்பதற்குள் அதன் பாகங்களையும் அதைச் செய்யும் எந்திரங்களையும் சேர்த்தே வரையறுத்துவிட்டது. அதனால் ஒரு பாகத்தை மட்டும் பிரித்துப் பெயரிடும் தேவை நம் சட்டத் தமிழில் எழவில்லை. எடுத்தாள முன்சொல் இல்லாததற்குக் காரணம் அதுவாகத்தான் தோன்றுகிறது.

சட்டமும் விதியும் ஆளும் ‘ரெடிலி’ (readily) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘எளிதில்’ போதும். விதி அதை ஓரளவு திறம்பட, விரைவாக, எளிதாக என்று விளக்குகிறது; மிக விரைவாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சொல்கிறது. மூன்றையும் ஒரு சொல்லில் திணிக்க வேண்டாம், குறிப்பில் தரலாம். ‘உடனடியாக’ மட்டும் கூடவே கூடாது.

*

எல்லாருக்கும் நன்றி. தாங்கி, ஏற்பி இரண்டையும் திரும்பப் பெறுகிறேன். பதிவு இப்படிப் போகிறது:

கலச்சட்டகம்: கைத்துப்பாக்கியின் ஃபிரேம்.
கலக்கூடு: நெடுந்துப்பாக்கியின் ரிசீவர். ஏ.ஆர்-15இல் கீழ்க்கூடு மட்டும்.
மூலக்கட்டி: எந்த ஆயுதத்தின் உறுப்பென்று இனங்காண முடியாத நிலை. சுடுகலன் அன்று.
நிறைவுறாக் கலக்கூடு, நிறைவுறாக் கலச்சட்டகம்: உறுப்பென்று இனங்காணத்தக்க, வேலை முடியாத உருவம். எளிதில் நிறைவாக்க முடியுமானால் சட்டத்தின் கண்ணில் சுடுகலன், முடியாவிட்டால் அன்று. எட்டு அளவுகோல்களும் உடன் விற்கப்படும் பொருள்களும் கருதப்படும்.

‘வரிசை எண் பொறித்தல்’ அடுத்த பதிவு. எண்ணின் ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், உயரம் 1/16 அங்குலம் என்று விதி கேட்கிறது. பாலிமர்ச் சட்டகத்தில் உலோகத் தகட்டைப் பதித்து அதில் பொறிக்கிறார்கள். அந்தத் தகட்டுக்குப் பட்டறையில் வழங்கும் சொல் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.