வடக்கே வெயில் ஒருநாளும் விழாதாம்: நம் பேட்டை நூலகத்தின் புதிய கட்டடம்

குளத்தங்கரை:
நம் பேட்டையின் கிளை நூலகத்தை இடித்துவிட்டு வெளிச்சம் நிறைந்த புதிய கட்டடம் எழுப்ப வேண்டும் என்று செங்கல்சுண்ணாம்பு அவர்கள் நம் இணைய மன்றத்தில் நேற்று இட்ட நெடும்பதிவைப் படித்தேன். இடிப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அதில் ஒரு வரி இருக்கிறது: "வடக்குச் சுவர் முழுவதும் கண்ணாடி, வடக்கே நேர்வெயில் ஒருநாளும் விழாது என்பதால் நூல்களுக்குத் தீங்கில்லை." இதைப் படித்த பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. ஐயா, இது பெங்களூரு, இலண்டன் அன்று. நாம் இருப்பது ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேலே வருகிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் பாட்டிலை நிறுத்தி வைத்து வேடிக்கை பார்க்கிறார்களே, அந்த நாள். அன்று தொடங்கி, ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சிக்கு வரும் வரை, நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. ஏறத்தாழ நான்கு மாதம்! 30 ஆண்டுகள் தியோடலைட் என்ற நில அளவைக் கருவியைத் தோளில் சுமந்து வெயிலில் நின்றவன் சொல்கிறேன்: "ஒருநாளும்" என்ற அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

செங்கல்சுண்ணாம்பு:
மழைக்காலத்தில் அகராதி அடுக்கின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் நீல வாளியைப் பற்றி எழுதினேன். காலை 11 மணிக்கே டியூப்லைட் போடாவிட்டால் நூலின் பெயரைப் படிக்க முடியாததைப் பற்றி எழுதினேன். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒருவர் நின்றால் மற்றவர் பக்கவாட்டில் நண்டுபோல் நகர வேண்டியிருப்பதையும், சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் நான்கு படி ஏற வழியே இல்லாததையும் எழுதினேன். பெரியவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. மகிழ்ச்சி.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சூரியன் மிகவும் வடக்கே போகிற ஜூன் 21 அன்றுகூட, நண்பகலில் அது உச்சியிலிருந்து பத்தரைப் பாகைதான் சாய்கிறது. பத்தடி உயரச் சன்னலை அதிலிருந்து காக்க இரண்டடி சன்ஷேடு போதும். நேர்வெயில் என்று நான் சொன்னது, உள்ளே வந்து நூலின்மேல் விழுவதை. சன்ஷேடு இருந்தால் அது விழாது. ஆகவே "ஒருநாளும் விழாது" என்பது முற்றிலும் சரி.

குளத்தங்கரை:
நேற்றைய பதிவில் சன்ஷேடு என்ற சொல்லே இல்லை, இன்றைக்கு முளைத்திருக்கிறது. போகட்டும். உங்கள் சன்ஷேடு நண்பகலுக்கு ஆகும், காலை ஏழரை மணிக்கு என்ன செய்வீர்கள்? ஜூன் மாதத்தில் சூரியன் கிழக்கில் உதிப்பதில்லை. கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. அந்தச் சாய்ந்த வெயில் உங்கள் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து நேராக உள்ளே வரும். மாலையிலும் அப்படியே. மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை வடக்குச் சுவருக்குக் காலை மாலை வெயில் உண்டு. ஆறு மாதம், ஐயா, ஆறு மாதம். ஒருநாளும் இல்லையாம்!

மூன்றாம்அடுக்கு:
இந்த நகரத்தின் ஒரு கிளை நூலகத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வெளிச்சம், வெளிச்சம் என்று முழங்குகிறவர்களில் ஒருவராவது ஒரு முறையாவது துணியை எடுத்து ஒரு புத்தகத்தைத் துடைத்திருப்பார்களா என்று தெரியவில்லை.

மேற்குச் சன்னலை ஒட்டி மூன்றாவது அடுக்கில், வார இதழ்களிலிருந்து கிழித்து எடுத்துத் தைத்த தொடர்கதைக் கட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு காலிகோத் துணி அட்டை. ஏழெட்டு ஆண்டுகளில் முதுகுப் பக்கம் மட்டும் ரோஜா நிறமாகிப் பிறகு சாம்பலாகிவிட்டது. கையில் எடுத்துப் பிரித்தால் அட்டையின் உட்புறம் அப்படியே குங்குமம். உள்ளே இருந்த தாளைச் சொல்லவே வேண்டாம். மரக்கூழில் செய்த மலிவுத்தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கிறது; வெயில் பட்டால் அது பழுப்பேறி, முனையை மடித்தால் அப்பளம்போல் உடையும். இதற்கு நேர்வெயில்தான் வேண்டும் என்பதுமில்லை, பட்டுத் தெறித்த வெளிச்சமே போதும். அருங்காட்சியகங்களில் பழந்தாளை 50 லக்ஸ் என்ற மங்கலான அளவு வெளிச்சத்தில்தான் வைக்கிறார்கள். நீங்கள் கட்டப்போவது கண்ணாடிப் பெட்டி.

பாரிசில் பிரான்சு நாட்டின் தேசிய நூலகத்துக்கு நான்கு கண்ணாடிக் கோபுரங்கள் கட்டினார்கள், திறந்துவைத்த புத்தகங்களைப் போல. கோபுரத்துக்குள் நூல்கள், அடியில் வாசகர்கள். வெயிலில் நூல் என்னாகும் என்று உலகமே கேட்ட பிறகு உள்ளே மரத் தடுப்புகளை நிறுத்தினார்கள். அத்தனை பெரிய நாட்டுக்கே மரத்தடுப்பு என்றால், நம் பேட்டைக்குக் கோணிப்பைதான் கிடைக்கும்.

செங்கல்சுண்ணாம்பு:
அம்மா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னது மேற்குச் சன்னல், நான் சொன்னது வடக்குச் சன்னல். கண்ணாடி என்றால் 1980இன் கண்ணாடியும் அன்று. இரண்டு தகடுகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி புறஊதாக் கதிரில் நூற்றுக்கு 99 பங்கை நிறுத்திவிடும். இருட்டில் நூல் பிழைத்துவிடும் என்பதும் கதைதான். தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சிக்குப் பிடித்தது இருட்டும் ஈரமும். இப்போதைய கட்டடம் அதற்குக் கட்டிக்கொடுத்த மாளிகை.

நூலகவியல் அறிஞர் சீ.இரா. அரங்கநாதன் 1931இல் தந்த ஐந்து நூலக விதிகளில் ஐந்தாவது, நூலகம் வளரும் உயிர் என்பது. அவர் 1962இல் ஆவணப்படுத்தல் ஆய்வு, பயிற்சி மையத்தை இதே ஊரில் தொடங்கி, 1972இல் இதே ஊரில் மறைந்தவர். அவர் வாழ்ந்த ஊரிலேயே வளர்ச்சி வேண்டாம் என்று வாதாடுகிறோம்.

மூன்றாம்அடுக்கு:
அரங்கநாதனை எனக்குச் சொல்லித் தருகிறீர்களா? அவருடைய நூல்பகுப்பு முறையின் எண்ணைப் புத்தக முதுகில் எழுதி எழுதியே என் சுட்டுவிரல் காய்த்துவிட்டது. வளரும் உயிர் என்றால் நூல் வளர வேண்டும், வாசகர் வளர வேண்டும். கண்ணாடி வளர வேண்டும் என்று அவர் எங்கும் எழுதவில்லை. படலம் புறஊதாவை நிறுத்தும் என்பது சரி, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் சாயத்தை வெளுக்கும் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

காக்ஸ்டவுன்காரன்:
இரண்டு பக்கமும் அருமை. 1965ஆம் ஆண்டின் கருநாடகப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு ரூபாய்க்கு 6 காசு நூலக வரி கட்டுகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால், வேடிக்கை பார்க்க எனக்கு உரிமை உண்டு என நம்புகிறேன். நம் ஊர் அல்சூரில் செய்து முடித்த திருவள்ளுவர் சிலையே 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009இல்தான் வெயிலைப் பார்த்தது. நீங்கள் கண்ணாடிக் கட்டடத்துக்கு எந்தப் பக்கம் வெயில் விழும் என்று இப்போதே அடித்துக்கொள்கிறீர்கள். கட்டி முடிப்பதற்குள் சூரியனே திசையை மாற்றிக்கொள்ளலாம்.

வானியல் வகுப்பு நடத்தும் குளத்தங்கரை அவர்களிடம் ஒரு கேள்வி. 2011இல் என் பெயரில் எடுத்து உங்களுக்குப் படிக்கக் கொடுத்த அந்த வானியல் நூல் எங்கே? அதன் தண்டத்தொகையை நான் கட்டினேன். இந்த ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 எல்லாம் அதிலிருந்துதானே வருகின்றன?

குளத்தங்கரை:
அந்த நூலை 2012 தைப் பொங்கலுக்கு முன்பே திருப்பிக் கொடுத்தேன், அதுவும் உங்கள் மைத்துனர் கையில். அவர் வீட்டுப் பரணில் தேடுங்கள். சூரியனின் நிலையை நான் நூலில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை.

செங்கல்சுண்ணாம்பு அவர்கள் புறஊதா, பூச்சி, அரங்கநாதன் என்று ஊரைச் சுற்றிவிட்டார். காலை ஏழரை மணிக்கு மட்டும் விடை இல்லை. மீண்டும் கேட்கிறேன்: வடக்கே வெயில் விழுமா, விழாதா?

தேர்வர்27:
பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். அரசுத் தேர்வுக்குப் படிப்பதற்காக நாள்தோறும் அந்த நூலகத்துக்கு வருகிறவன் நான். எங்களில் பெரும்பாலோர் அங்குள்ள நூல்களைத் தொடுவதே இல்லை. சொந்த நூல்களைப் பையில் கொண்டுவந்து, காலை எட்டு மணிக்கு முன்பே வாசல் படியில் பையை வரிசையாக வைத்து இடம் பிடிக்கிறோம். எங்களுக்கு அது படிப்பறை, அம்மாவுக்கு அது நூல்களைக் காக்கும் இடம், வேறு சிலருக்கு நாளிதழ் படிக்கும் திண்ணை. இவற்றில் எதை நாம் நூலகம் என்கிறோம் என்று முதலில் பேசிக்கொண்டால், எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதும் தெரியும் அல்லவா? 50 லக்ஸில் எங்களால் படிக்க முடியாது, குறைந்தது 300 வேண்டும். இடித்துக் கட்டும் காலத்தில் நாங்கள் எங்கே உட்கார்வது என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மூன்றாம்அடுக்கு:
தம்பி, சொந்த நூலைப் படிக்க நூலகம் எதற்கு? எங்கள் காலத்தில் வெளிநூலை உள்ளே கொண்டுவரவே விடமாட்டோம்.

செங்கல்சுண்ணாம்பு:
தம்பி சொல்வது என் பக்கத்து வாதம். 300 லக்ஸ் வேண்டும், பகலில் மின்சாரம் இல்லாமல் அது வேண்டும் என்றால் வடக்குச் சாளரத்தை விட்டால் வழியில்லை.

காக்ஸ்டவுன்காரன்:
நேற்று வரை சன்னல், இன்றைக்குச் சாளரம். விலையும் ஏறிவிடும்போல.

செங்கல்சுண்ணாம்பு:
சன்னல் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல். தமிழ்ச் சொல் இருக்கும்போது அதை ஆள்வதில் தவறில்லை என்று எண்ணினேன்.

மூன்றாம்அடுக்கு:
அலமாரியும் போர்ச்சுகீசியச் சொல்தான். கட்டடத்தோடு அதையும் இடித்துவிடுவீர்களா? சொல்லில் காட்டும் அக்கறையை நூலில் காட்டுங்கள். புதிய கட்டடத்துக்கு நீங்கள் போட்ட வரைபடத்தில் தமிழ் நூல்களுக்கு எத்தனை அடுக்கு என்று குறித்திருக்கிறீர்கள்? நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். காபி குடிக்கும் மூலை இருக்கிறது, பச்சைச் செடி இருக்கிறது, சாய்ந்து உட்காரும் மெத்தைப் பை இருக்கிறது. அடுக்கு என்று கோடு கிழித்திருப்பது இப்போதுள்ளதில் பாதிகூட இல்லை. கன்னட நூல்களுக்கு முதலிடம் தருவது முறை, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. பாதி அடுக்கில் முதலில் வெளியேறப்போவது எந்த மொழி என்பது 22 ஆண்டுகள் கழிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் எழுதிய எனக்குத் தெரியும்.

செங்கல்சுண்ணாம்பு:
அது முதற்கட்ட வரைபடம் என்று அடியிலேயே எழுதியிருக்கிறேன். கப்பன் பூங்காவில் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் 1915இலிருந்து சிவப்பாக நிற்கிறது, இன்றும் நூலகமாகவே இருக்கிறது. அதை இடிக்கச் சொன்னேனா? நம் பேட்டைக் கட்டடத்துக்கு அந்த அழகும் இல்லை, அந்த உறுதியும் இல்லை.

குளத்தங்கரை:
மங்களூர் ஓடு போட்ட பழைய வீடுகளில் நான்கு ஓட்டுக்கு ஒரு கண்ணாடி ஓடு வைப்பார்கள். என் பாட்டி வீட்டில் அந்த ஒற்றை ஓட்டின் வழியாக விழும் வெயில் வட்டம் எத்தனை மணிக்கு எந்தத் தூணைத் தொடும் என்பதை வைத்தே உலை வைத்தார்கள். வெயில் எங்கே விழும் என்று தெரிந்துகொண்டு கட்டினார்கள். இப்போது விழவே விழாது என்று சொல்லிக் கட்டுகிறார்கள்.

இன்று காலை நானே நேரில் போய் அளந்துவிட்டு வந்தேன். நீங்கள் "வடக்குச் சுவர்" என்று பெயரிட்ட அந்தச் சுவர் வடக்கே பார்க்கவில்லை. 12 பாகை கிழக்கே திரும்பியிருக்கிறது. காலை வெயில் நான் சொன்னதைவிடக் கூடுதலாகவே உள்ளே வரும். வடக்கும் தவறு, ஒருநாளும் என்பதும் தவறு. அந்த வரியில் மிச்சம் இருப்பது "கண்ணாடி" மட்டும்தான்.

செங்கல்சுண்ணாம்பு:
எதை வைத்து அளந்தீர்கள்? இரும்பு அலமாரிகளுக்குப் பக்கத்தில் திசைகாட்டியின் முள் எந்தப் பக்கமும் திரும்பும். 12 பாகை என்பது சுவரின் திருப்பமா, அலமாரியின் இழுப்பா?

காக்ஸ்டவுன்காரன்:
அந்த அலமாரிகளில் இரண்டு என் தந்தையார் நன்கொடையாகக் கொடுத்தவை. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். அதைப் பற்றி யாரும் இழை தொடங்குவதில்லை.

தேர்வர்27:
உட்கார இடம் பற்றிக் கேட்டிருந்தேன்.

குளத்தங்கரை:
கைபேசியை ஆட்டிப் பார்த்து அளக்கிற வழக்கம் எனக்கு இல்லை. பித்தளைத் திசைகாட்டியில் அளந்தேன். காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் இந்த ஊரில் 2 பாகைக்கும் குறைவான வேறுபாடுதான் என்பதையும் கழித்துவிட்டே எழுதினேன். ஆயினும் ஐயம் என்று ஒன்று வந்துவிட்டதால், நாளைக் காலை ஏழு மணிக்கு நூலகத்தின் வெளிப்புறம், இரும்பு எதற்கும் 20 அடி தள்ளி நின்று மறுபடி அளந்து இங்கேயே எழுதுகிறேன். செங்கல்சுண்ணாம்பு அவர்கள் வர விரும்பினால் வரலாம். தம்பி, நீங்கள் எப்படியும் எட்டு மணிக்கு முன்பே வருகிறவர்தானே. அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.