காலநிலை மாநாடுகளில் ஆப்பிரிக்க இளைஞர்கள்: மேடை மட்டும்தானா?

தென்றல்82:
2021 கிளாஸ்கோ ஐ.நா. காலநிலை மாநாட்டில் கென்யாவின் இளம் செயற்பாட்டாளர் எலிசபெத் வதூத்தி உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். தன் நாட்டில் இருபது லட்சம் பேருக்கு மேல் பட்டினியில் தவிப்பதைச் சொன்னார். அதே மாநாட்டில் வளரும் நாடுகள், காலநிலைப் பேரிடர்களின் இழப்பை ஈடுகட்ட இழப்பு-சேத நிதியம் கேட்டன. கிடைத்ததோ 'தொடர்ந்து பேசுவோம்' என்ற ஏற்பாடு. உலகக் கரிம உமிழ்வில் ஆப்பிரிக்காவின் பங்கு நான்கு விழுக்காடுகூட இல்லை. அந்தக் கண்டத்துப் பிள்ளைகளைக் கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி வாசலில் நிறுத்திவிட்டு, பந்தியை உள்ளே நடத்துகிறார்கள்.

பொன்வண்டு:
அடுத்த ஆண்டே எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக் மாநாட்டில் அந்த நிதியத்துக்கு ஒப்புக்கொண்டார்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பணக்கார நாடுகள் முப்பது ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட விஷயம் அது. ஒரே உரையால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உகாண்டாவின் இளம் செயற்பாட்டாளர் வனெசா நக்காட்டே போன்றவர்கள் மேடை கிடைத்த இடமெல்லாம் அதைப் பேசியிராவிட்டால், மாநாட்டுக்கு வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது.

தென்றல்82:
2022-இல் வளரும் நாடுகளின் கூட்டணியான ஜி77 குழுவுக்குத் தலைமை பாகிஸ்தான். பெருவெள்ளம் வந்த சூட்டோடு அவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் பேச்சுவார்த்தைக் குழுவும் தீவு நாடுகளும் பிரியாமல் நின்றன. காரியம் நடந்தது அதனால். இளைஞர்கள் பெரும்பாலும் வருவது பார்வையாளர் அட்டையோடு. பேச்சு முற்றுகிற நேரத்தில் அவர்களை வெளியே அனுப்பிவிடலாம். சரி, நிதியம் வந்தது. 2023 துபாய் மாநாட்டில் அதற்குத் தருவதாகச் சொன்ன தொகை சுமார் 70 கோடி டாலர். ஒரு கண்டத்து வறட்சிக்கு அது எந்த மூலைக்கு?

அலையாத்தி:
இரண்டு பேருமே மேடையைப் பற்றிப் பேசுகிறீர்கள். அரசுக் குழுவிலேயே உட்காரும் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஒரே நேரத்தில் பத்து அறைகளில் பேச்சு நடக்கும். பணக்கார நாடுகள் அறைக்கு ஒரு நிபுணரை அனுப்பும். சின்ன ஆப்பிரிக்க நாட்டுக்கு மொத்தமே சில பேர். முறைசாரா அமர்வுகள் ஆங்கிலத்தில்தான், மொழிபெயர்ப்பாளர் கிடையாது. பிரெஞ்சு பேசும் நாட்டிலிருந்து வரும் மூத்த அதிகாரி அங்கே திணறுவார். வரைவை வரிவரியாகப் படித்து, நள்ளிரவு வரை உட்கார்ந்து, தன் நாட்டின் ஆட்சேபத்தைப் பதிவுசெய்ய ஓர் இளைஞர் இருந்தால் அது அலங்காரமா? வேலை அங்கேதான் நடக்கிறது.

தென்றல்82:
அரசுக் குழுவில் உட்காரும் அட்டையை யார் கொடுக்கிறார்கள்? அரசு. உகாண்டாவின் ஹொய்மாவிலிருந்து தான்சானியாவின் டாங்கா துறைமுகத்துக்கு 1,443 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் போடுகிறார்கள். கம்பாலாவில் அதை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்களைக் கைது செய்தார்கள். அவர்களில் ஒருவரை உகாண்டா அரசு தன் குழுவில் சேர்க்குமா? உள்ளே போகிறவர் அரசின் குரலாகத்தான் பேச முடியும்.

அலையாத்தி:
சேர்க்காது. ஆனால் குழாய்ப் பிரச்சினை வேறு, நிதிப் பேச்சு வேறு. கடன் வேண்டாம், மானியமாகக் கொடு என்று கேட்கும்போது அரசும் அந்த மாணவரும் ஒரே பக்கம்தான்.

பொன்வண்டு:
எல்லோரும் உள்ளேதான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. காலநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்க, பசிபிக் தீவு மாணவர்கள் 2019-இல் ஆரம்பித்த முயற்சியை வனுவாட்டு அரசு ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்தே சொல்லிவிட்டது. ஆப்பிரிக்க இளைஞர்களும் அதை ஆதரித்தார்கள்.

தென்றல்82:
அது என் வாதத்துக்குத்தானே வலு? மாநாட்டில் நியாயம் கிடைக்காமல்தான் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர். பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்டது 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி. அந்தப் பேரத்தில் எந்த இளைஞரிடம் யார் கேட்டார்கள்?

பொன்வண்டு:
2027 மாநாடு எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடக்கப்போகிறது. ஐரோப்பிய விசாவுக்காகப் பக்கத்து நாட்டுத் தூதரகம்வரை அலைய வேண்டிய தொல்லை அப்போது இருக்காது. கூட்டம் கூடினால் கணக்கு மாறும்.

தென்றல்82:
ஷார்ம் எல்-ஷேக் மாநாட்டை நடத்திய எகிப்தும் ஆப்பிரிக்க நாடுதான். அங்கே விடுதி வாடகை எகிறியது. போராட்டத்துக்குத் தனியாக ஓர் இடம் ஒதுக்கி, முன்பதிவு செய்துகொண்டு வா என்றார்கள். அடிஸில் அது நடக்காது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?