புதுப்பிப்பு: தேக்கா பற்றிய படவில்லைகள், பேச்சு முடிந்தது

மூன்று வாரத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: சமூக மன்றத்தில் மூத்தோருக்குத் தேக்கா (சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் சந்தைப் பகுதி) வரலாறு பற்றி அரைமணி நேரம் பேச வேண்டும், ஒத்திகையிலேயே வீட்டில் எல்லோரும் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள், என்ன செய்யலாம் என்று. சொன்னவர்கள் அனைவருக்கும் நன்றி. நேற்றுப் பேசிவிட்டேன்.

முதல் வில்லையில் இருந்த ஒன்பது வரிகளையும் அழித்துவிட்டு, ஒரே ஓர் எருமைப் படம் வைத்தேன். கீழே, "இதற்கும் நம் சந்தைக்கும் என்ன உறவு?" அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கும் முன்பே பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "கண்டாங் கெர்பாவ்! மலாயில எருமைக் கொட்டில் தம்பி" என்றார். தேக்காச் சந்தையின் பழைய பெயர் அது. பக்கத்திலிருந்தவர் கேகே மருத்துவமனையின் பெயரும் அதிலிருந்துதான் வந்தது என்று எடுத்துக்கொடுத்தார். அப்புறம் பேச்சு தானாக ஓடியது.

எழுத்தளவு பற்றிச் சொன்னவருக்குத் தனி நன்றி. 20இல் வைத்திருந்தபோது கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். 'க்', 'ட்' மேல் புள்ளியே தெரியவில்லை. 36க்கு மாற்றி, தடித்த எழுத்துரு போட்டதும் சரியானது. பவர்பாயிண்டில் 'B' விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும் என்பதும் பெரிய உதவி. யாராவது தம் பழைய நினைவைச் சொல்லும்போது திரையை அணைத்தேன். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

ஒன்று மட்டும் இடறியது. மன்றத்துக் கணினியில் என் தமிழ் எழுத்துரு இல்லை, தலைப்புகள் கட்டம் கட்டமாக வந்தன. பிடிஎஃப் பிரதி கையில் இருந்ததால் தப்பித்தேன்.