வளரும் செம்மறிக் குட்டிக்குப் புரதம்: வேலூர்ப் பக்கம் நாங்கள் பார்த்தது

அணைக்கட்டிலிருந்து ஒருவர்:
பால் மறந்த குட்டி மெலிந்து நின்றால் உடனே அமினோ அமில (புரதத்தின் அடிப்படைக் கூறு) டானிக் வாங்கி ஊற்றும் பழக்கம் எங்கள் பக்கம் பரவுகிறது. காசு வீணாகிறதே என்ற வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

பொய்கை செவ்வாய்ச் சந்தையில் குட்டி பிடித்து, வளர்த்து விற்கிறோம். கோடையில் மலையடிவாரத்தில் காய்ந்த புல்தான் கிடைக்கும். அதில் புரதம் 3, 4 சதவீதம் தேறினால் பெரிது. வளரும் குட்டிக்குத் தீவனத்தில் 14 முதல் 16 சதவீதம் வேண்டும். அந்தக் குறையை எங்கள் வீட்டில் கடலைக் கொடியும் கடலைப் புண்ணாக்கும்தான் அடைக்கின்றன. புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் அதை மட்டும் போட்டால் போதாது. உடைத்த மக்காச்சோளமோ கம்போ சேர வேண்டும்.

காரணம் இதுதான். ஆட்டின் இரைப்பையின் முதல் பெரிய அறையான பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புரதத்தின் பெரும்பகுதியை அம்மோனியாவாக உடைத்து, அதைக் கொண்டு தங்கள் உடலை வளர்த்துக்கொள்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே குடலில் செரித்து ஆட்டுக்கு அமினோ அமிலமாகச் சேர்கின்றன. மாவுச்சத்து இல்லாவிட்டால் அவற்றுக்கு வேலை செய்யச் சக்தி கிடைக்காது, அம்மோனியா யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும்.

மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை வெறும் பொடியாகக் கொடுத்தாலும் இதே கதிதான், பெரும்பகுதி பெருவயிற்றிலேயே உடைந்துவிடும். மேலே பூச்சு போட்டுப் பாதுகாத்த வகை என்றால்தான் குடல்வரை போகும். கோழிக்குப் பெருவயிறு கிடையாது, அதனால் அதற்கு நேரடியாகவே பலிக்கிறது. அதைப் பார்த்து ஆட்டுக்கும் வாங்குகிறார்கள். கம்பளி ஆடுகளுக்கு மெத்தியோனின் போன்ற கந்தகம் உள்ள அமினோ அமிலம் அதிகம் தேவை, கம்பளியில் அந்த வகை நிறைய உண்டு. நம் சென்னைச் சிவப்பு இனமோ கம்பளி இல்லாத ரோம ஆடு, கறிக்கு வளர்ப்பது. முதலில் புண்ணாக்கையும் தானியத்தையும் சரி செய்யுங்கள் என்பதுதான் என் கருத்து.

குடியாத்தத்திலிருந்து ஒருவர்:
அண்ணா சொன்னது சரி. எங்களுக்குப் புண்ணாக்கு விலை கட்டுப்படியாகவில்லை, வரப்பில் தழைக்காகச் சூபாபுல் மரமும் அகத்தியும் வைத்தோம். சூபாபுலில் மைமோசின் என்ற நச்சு இருப்பதால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை. இன்னொன்று, கண் இமையை விரித்துப் பாருங்கள். உள்ளே வெளுத்திருந்தால் பெரும்பாலும் குடற்புழு ரத்தத்தைக் குடிக்கிறது. அப்போது என்ன புரதம் கொடுத்தாலும் புழுவுக்குத்தான் போகும். சாணத்தைப் பரிசோதித்து மருந்து கொடுத்த பிறகுதான் எங்கள் குட்டிகள் தேறின.

காட்பாடியிலிருந்து ஒருவர்:
ஒரு எச்சரிக்கை. தீவனத்தைத் திடீரென்று கூட்டாதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் நன்றாகக் கொழுத்த குட்டிதான் முதலில் துள்ளி விழுந்து செத்தது, குடலில் கிருமி பெருகி நஞ்சு உண்டாக்கும் துள்ளுமாரி நோய். நாங்கள் தடுப்பூசி போட்ட பிறகே அடர்தீவனத்தை (புண்ணாக்கு, தானியக் கலவை) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறோம். பூஞ்சை பிடித்த புண்ணாக்கை, மலிவாகக் கொடுத்தாலும் வாங்குவதில்லை, அதன் நஞ்சு ஈரலைக் கெடுத்துவிடும்.