காங்கேயத்துச் செக்கு எண்ணெய்க்கு ஓர் இணையதளம்: எங்கிருந்து தொடங்குவது?

செக்கடிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்துக்கு அருகில் என் அப்பா 22 ஆண்டுகளாக மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி வருகிறார். வாகை மரத்தில் செய்த செக்குகள் இரண்டு இருக்கின்றன. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகிய மூன்றும் ஆட்டுகிறோம். எள்ளும் கொப்பரையும் கொண்டுவந்து கூலிக்கு ஆட்டிச் செல்லும் அக்கம்பக்கத்து விவசாயிகள்தாம் முன்பு பெரும்பகுதி. இப்போது கோவை, சென்னை, பெங்களூரு என்று வெளியூர்களில் இருப்பவர்கள் தொலைபேசியில் கேட்டு, பார்சலில் வாங்குகிறார்கள். அந்தக் கணக்கை நான்தான் பார்க்கிறேன்.

வெளியூர் வாடிக்கையாளர்களுக்காக இணையதளம் ஒன்று தொடங்க நினைக்கிறோம். வடிவமைப்பாளர் ஒருவர் 35,000 ரூபாய் கேட்கிறார். ‘செக்கு எண்ணெய்’ என்று கூகுளில் தேடினால் மூன்றே மாதத்தில் முதலிடத்தில் வரவைப்பதாகவும் உறுதி சொல்கிறார். எங்களால் 20,000 ரூபாய் வரை செலவிட முடியும். நானே கற்றுக்கொண்டு செய்யலாமா, தளத்திலேயே பணம் செலுத்தி வாங்கும் வசதி முதல் நாளிலிருந்தே வேண்டுமா, தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா, தளம் இருப்பதை நாலு பேருக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்பவையே என் கேள்விகள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சென்னிமலைப்போர்வை எழுதியது:

வணக்கம் அம்மணி. நான் சென்னிமலையில் போர்வையும் பெட்ஷீட்டும் விற்பவன். எட்டு ஆண்டுகளாக எங்களுக்கு இணையதளம் இருக்கிறது. அதில் முதல் மூன்று ஆண்டுகள் எப்படி வீணாயின என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அதில்தான் இருக்கிறது.

எங்கள் தளத்தை அமைத்துக் கொடுத்தவர், டொமைன் எனப்படும் இணைய முகவரியைத் தம்முடைய மின்னஞ்சலிலும் தம்முடைய பெயரிலும் பதிவு செய்துவிட்டார். அதை விசாரிக்க வேண்டும் என்றே எனக்கு அப்போது தெரியாது. மூன்றாம் ஆண்டு புதுப்பிக்கும் நேரத்தில் அவர் தொழிலை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார், தொலைபேசியையும் எடுக்கவில்லை. முகவரி காலாவதியானது, சில வாரங்களில் வேறு யாரோ அதை வாங்கி, எங்கள் போர்வைக்குச் சற்றும் தொடர்பில்லாத விளம்பரங்களைப் போட்டுவிட்டார்கள். பை, அட்டை, ரசீது என்று எல்லாவற்றிலும் அந்த முகவரியைத்தான் அச்சிட்டிருந்தோம். 4,000 பைகளின் மீது கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இரவுகள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆகையால் தளத்தை யாரிடம் கொடுத்தாலும் சரி, முகவரியை உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைப்பேசி எண், உங்கள் வங்கி அட்டை ஆகியவற்றைக் கொண்டு நீங்களே வாங்குங்கள். ‘டாட் இன்’ முகவரிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகலாம். முதல் ஆண்டு சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். பெயர் குறுகியதாகவும், தொலைபேசியில் ஒருமுறை சொன்னாலே எதிர்முனையில் இருப்பவர் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளக்கூடியதாகவும் இருக்கட்டும். ‘எண்ணெய்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் என்பதால் அதை முகவரியில் சேர்க்காதீர்கள்.

தளத்தை நீங்களே செய்யலாம். தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு விலை இல்லை. அது இயங்குவதற்கு வாடகை இடமான ஹோஸ்டிங்குக்கு ஆண்டுக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை ஆகலாம். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழைப் பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் இலவசமாகவே தருகின்றன; அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாத தளத்தை 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி ‘பாதுகாப்பற்றது’ என்று குறிப்பிடுகிறது. உணவுப் பொருள் விற்கும் இடத்தில் அந்தச் சொல் தெரிவது நல்லதல்ல.

பணம் செலுத்தி வாங்கும் வசதி இப்போது வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. இருப்பது மூன்றே எண்ணெய். விலைப்பட்டியலைத் தெளிவாகப் போட்டு, அழுத்தினால் உங்கள் வாட்ஸ்அப் உரையாடல் திறக்கும்படி ஒரு பொத்தான் வைத்தால் போதும். யுபிஐ வழியாக உங்கள் கணக்குக்கு நேரடியாக வரும் பணத்துக்குக் கட்டணம் இல்லை. தளத்திலேயே பணம் பெற உதவும் பேமென்ட் கேட்வே சேவையை வைத்தால் பெரும்பாலும் 2 சதவீத அளவில் கட்டணமும் அதன்மீது ஜிஎஸ்டியும் போகும். ஒரு நாளைக்கு இருபது ஆர்டர் வந்து, வாட்ஸ்அப்பில் கணக்கு வைக்க முடியாமல் திணறும்போது அந்த வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எழுத்துப்பட்டறை எழுதியது:

அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் சிறு கடைகளின் தளங்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பவள் என்பதால், தளத்தில் என்ன எழுதுவது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் நிறத்துக்கும் அசையும் படங்களுக்கும் மாதக்கணக்கில் செலவிட்டுவிட்டு, எழுத்துக்கு ஒரு மாலைப்பொழுதைக்கூட ஒதுக்குவதில்லை. ‘பாரம்பரியம், தரம், நம்பிக்கை’ என்ற மூன்று சொற்கள் எல்லா எண்ணெய்க் கடைத் தளங்களிலும் இருக்கின்றன. அவற்றைப் படித்து யாரும் ஒரு லிட்டர்கூட வாங்கியதாக நான் பார்த்ததில்லை.

தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். அழைப்பவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் பேசிய சொற்களிலேயே பத்து நாளைக்கு எழுதுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் இணையதளம். எள் எங்கிருந்து வருகிறது, ஆட்டும்போது கருப்பட்டி சேர்க்கிறீர்களா, அடியில் ஏன் கசடு நிற்கிறது, கடையில் விற்கும் எண்ணெயைவிட விலை ஏன் கூடுதல் என்று கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நேரான பதிலைத் தனித்தனித் தலைப்பில் எழுதுங்கள். விலையைப் பற்றிய கேள்விக்கு, ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு எத்தனை கிலோ எள் போகிறது, எள் இந்த மாதம் என்ன விலை, புண்ணாக்கு விற்று எவ்வளவு திரும்பி வருகிறது என்ற உங்கள் சொந்தக் கணக்கையே போட்டுவிடுங்கள். ஒளிவுமறைவு இல்லாத அந்த ஒரு பத்தி, பத்து விளம்பரம் செய்ய முடியாததைச் செய்யும்.

மொழியைப் பொறுத்தவரை இரண்டிலும் எழுதுங்கள், ஆனால் தமிழை முதலில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் இந்தப் பொருளுக்குப் பெரிய நிறுவனங்களோடு போட்டி. தமிழில் விரிவாக எழுதியவர்கள் குறைவு. ‘நல்லெண்ணெய்’ என்று சரியாக எழுதினாலும், தேடுபவர்கள் ‘நல்லெண்ணை’ என்றும், தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்திலும் தட்டுவார்கள். அதற்காகப் பிழையான வடிவங்களைப் பக்கம் முழுவதும் இறைக்க வேண்டாம். ஆங்கிலப் பக்கத்தில் ஓரிடத்தில் தமிழ்ப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் குறிப்பிட்டால் போதும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபிளெக்ஸ் அடிக்கும் இடத்திலும் அச்சகத்திலும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் வாசகங்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கலாம். அவற்றை அப்படியே தளத்தில் ஒட்டினால் குப்பை எழுத்துகளாகத் தெரியும். அதைத் தவிர்க்க, நோட்டீஸையே படமாக ஏற்றிவிடுவார்கள். அந்தப் படத்துக்குள் இருக்கும் விலையையும் விவரத்தையும் தேடுபொறி நம்பகமாக எடுத்துக்கொள்ளாது, பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானும் படிக்காது. எல்லாவற்றையும், எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு எழுத்துமுறையில் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். கைப்பேசியிலேயே செய்யலாம்.

படங்களை நீங்களே எடுங்கள். காலை வெயிலில் எள் காயும் களம், செக்கு உரலின் வாயில் எண்ணெய் ததும்பி நிற்கும் நேரம், அப்பாவின் கையில் புண்ணாக்கு. இவற்றை வாங்கிய படங்களால் ஈடுசெய்ய முடியாது. ஏற்றும் முன் ஒவ்வொரு படத்தையும் 200 கேபி அளவுக்குள் சுருக்கிவிடுங்கள். சிற்றூரில் ஒற்றைக் கோடு சிக்னலில் பார்ப்பவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

ஈரோட்டுக் கணக்கர் எழுதியது:

சட்டம் சார்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண்ணை, டின்னில் ஒட்டும் சீட்டில் மட்டுமல்லாமல் தளத்திலும் தெரியும்படி போடுங்கள். பொருளின் பக்கத்தில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச விலை ஆகியவை இருக்க வேண்டும். எண்ணெயை லிட்டரில் குறிப்பிடும்போது எடையையும் சேர்த்துக் குறிப்பிடுமாறு நுகர்வோர் விவகாரத் துறை 2022 இல் அறிவுறுத்தியிருக்கிறது. 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார்களைக் கவனிப்பவரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெங்களூருக்குப் பார்சல் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை. இதை இன்றே உங்கள் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

செக்கடிவீடு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முகவரியை என் பெயரிலேயே வாங்கிவிட்டேன். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, அப்பா முன்பே எடுத்துவிட்டார். பத்து நாள் நோட்டு எழுதினேன்: 43 அழைப்புகள். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, விலையைக் கேட்டவர்கள் ஒன்பது பேர்தான். 14 பேர், பார்சலில் கசியாதா, எத்தனை நாளில் வரும் என்று கேட்டார்கள். 11 பேர் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது, கலப்படமா என்று கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெங்களூருக்காரர்கள். மற்றவை கசடு, கருப்பட்டி, கூலிக்கு ஆட்டும் நேரம்.

முதலிடத்தில் வரவைப்பதாகச் சொல்பவரை என்ன செய்வது? ஏற்கெனவே வாங்குபவர்களிடம் எண்ணெயில் தள்ளுபடி கொடுத்து கூகுளில் மதிப்புரை எழுதச் சொல்லலாமா என்றும் அப்பா கேட்கிறார்.

சென்னிமலைப்போர்வை எழுதியது:

முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. அவரிடம் நன்றி சொல்லி விலகிவிடுங்கள்.

உங்களுக்கு முதலில் வேண்டியது கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது வரைபடத்தில் உங்கள் செக்கு தெரிவதற்கான இலவசப் பதிவு. அங்கே யார் முன்னால் தெரிவார் என்பதைத் தேடலுக்கான பொருத்தம், தேடுபவர் இருக்கும் தூரம், கடைக்கு மக்களிடம் உள்ள அறிமுகம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். உறுதிப்படுத்துவதற்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள்: தெரு, பெயர்ப்பலகை, உள்ளே ஓடும் செக்கு, நீங்கள் கதவைத் திறந்து உள்ளே போவது ஆகியவற்றை இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். ஆட்டும் நேரத்தையும் விடுமுறை நாளையும் சரியாகப் போடுங்கள். பூட்டிய கடையின் முன் எள் மூட்டையோடு நின்ற விவசாயி மறுபடி வரமாட்டார்.

தள்ளுபடி கொடுத்து மதிப்புரை வாங்குவது கூகுள் விதிக்குப் புறம்பானது. கண்டுபிடித்தால் மதிப்புரைகளை நீக்கிவிடுவார்கள். பார்சல் கிடைத்த இரண்டாம் நாள், ‘எண்ணெய் நல்லபடியாக வந்ததா?’ என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். நல்லபடியாக வந்தது என்பவருக்கும் குறை சொல்பவருக்கும் மதிப்புரை எழுதுவதற்கான ஒரே இணைப்பை அனுப்புங்கள். குறை எழுதியவருக்கு அதே இடத்தில், அப்பாவின் குரலில், பொறுமையாகப் பதில் எழுதுங்கள். புதிதாக வருபவர்கள் அந்தப் பதிலைத்தான் கவனமாகப் படிப்பார்கள்.

ஆனால் அந்தப் பதிவு மட்டுமே போதும் என்று இருந்துவிடாதீர்கள். அதிலிருந்தே இலவசமாகச் சிறு இணையதளம் அமைத்துக்கொள்ளும் வசதியைக் கூகுள் முன்பு தந்தது. 2024 மார்ச் மாதத்தில் அதை நிறுத்திவிட்டது. அதையே நம்பியிருந்தவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. சொந்த முகவரிதான் நிலையான இடம். மற்றவை அங்கே வரும் வழிகள்.

தளம் தயாரானதும் கூகுள் சர்ச் கன்சோலில் பதிவு செய்யுங்கள். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் தெரிந்தது என்பதை அது காட்டும். மூன்று, நான்கு மாதம் எண்கள் சிறியதாகவே இருக்கும். அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். அதுவரை ஒவ்வொரு டின்னிலும் முகவரியையும் கியூஆர் குறியையும் ஒட்டுங்கள். டின் ஒரு மாதம் சமையலறையில் நிற்கும், பக்கத்து வீட்டுக்காரரும் பார்ப்பார். விளம்பரத்துக்குச் செலவிடத்தான் வேண்டும் என்றால், கேள்வி நோட்டின் பக்கங்கள் தளத்தில் ஏறிய பிறகு, கோவை நகரத்துக்கு மட்டும் 2,000 ரூபாயில் சோதித்துப் பாருங்கள்.

செக்கடிவீடு எழுதியது:

முதல் பக்கத்தை எழுதிப் பார்த்தேன். திருத்தித் தர முடியுமா?

‘எங்கள் தேங்காய் எண்ணெய் நூறு சதவீதம் இயற்கையானது. கெட்ட கொழுப்பைக் கரைத்து, தைராய்டு பிரச்சினையைக் குணப்படுத்தும். குளிர் காலத்தில் உறைவது தூய்மையின் அடையாளம்.’

எழுத்துப்பட்டறை எழுதியது:

முதல் வாக்கியம் எல்லோரும் எழுதுவது, எடுத்துவிடுங்கள். இரண்டாவதைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். உணவுப் பொருள் ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள 2018 ஆம் ஆண்டு விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. அதைவிட, உங்களை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது வாக்கியமும் சரியல்ல: தேங்காய் எண்ணெய் உறைவது அதன் இயல்பு, உறைந்தது என்பதற்காகக் கலப்படம் இல்லை என்று ஆகிவிடாது. அந்த 11 பேருக்கும் பதிலாக இப்படி எழுதலாம்:

‘தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். பெங்களூரு, ஊட்டி போன்ற இடங்களில் குளிர் மாதங்களில் இது வழக்கமாக நடப்பது, எண்ணெய் கெட்டுவிடவில்லை. உருகிய பிறகு மணமோ சுவையோ மாறியிருந்தால் எங்களை அழையுங்கள், மாற்றித் தருகிறோம்.’

மாற்றித் தருவதாக எழுதும் முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் எத்தனை நிமிடம் வைத்தால் உருகுகிறது என்பதையும் உங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்து, அந்த நிமிடக் கணக்கையும் சேர்த்துவிடுங்கள். அவர்கள் அடுத்துக் கேட்கப்போவது அதைத்தான்.