'மில்லியன் டொலர்' பாட்டில் என்ன பகிடி? ஸ்காபரோவில் பழைய ஆட்கள் யாராவது சொல்லுங்கள்

வதனி:
எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று வருடம். மகன் ஐந்தாம் வகுப்பு. அவனுடைய பள்ளிக்கூட நிகழ்ச்சியில் 'இஃப் ஐ ஹாட் எ மில்லியன் டொலர்ஸ்' (என்னிடம் ஒரு மில்லியன் டொலர் இருந்தால்) என்ற பாட்டைப் பாடப் போகிறார்கள். பெயர்நேக்கட் லேடீஸ் என்ற குழுவின் பாட்டாம். 'அம்மணப் பெண்கள்' என்று அர்த்தம் வரும் அந்தப் பெயரைக் கேட்டு முதலில் திடுக்கிட்டுப் போனேன். பிறகு பாட்டைக் கேட்டுப் பார்த்தேன். நல்ல மெட்டு, நாலு தரம் கேட்டால் வாயில் வந்துவிடுகிறது. ஆனால் ஒத்திகையில் மற்றத் தாய்மார் விழுந்து விழுந்து சிரித்த இடங்களில் எனக்குச் சிரிப்பே வரவில்லை. இவ்வளவு காசு கிடைத்தும் மக்கரோனி சாப்பிடுவேன் என்பதில் என்ன பகிடி? "கே கார் என்றால் என்ன அம்மா?" என்று மகன் கேட்கிறான். தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பனிப்பூ:
அக்கா, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொப் டிலான் கச்சேரிக்குப் போன இரண்டு பெடியன்கள் விளையாட்டாகக் கற்பனை செய்த பெயர் அது. இந்தப் பாட்டில் ஒரு கூடாத சொல் கிடையாது. 'பிக் பாங் தியரி' நாடகத்தின் தொடக்கப் பாட்டும் இவர்களுடையதுதான்.

பழைய ஸ்காபரோ:
தங்கச்சி, அந்த இரண்டு பெடியன்களும் எங்கள் ஸ்காபரோக்காரர்கள்தான். எட் றொபேட்சன், ஸ்டீவன் பேஜ். வோபேர்ன் கொலிஜியேற்றில் படித்தவர்கள். இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கும் பள்ளிக்கூடம்!

நான் 1990இல் வந்தவன். டவுண்டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடையில் இரவில் கோப்பை கழுவினேன். கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெடியன் அடுத்த வருடம் மஞ்சள் அட்டை போட்ட ஒரு கசெற்றைக் கொண்டுவந்தான். ஐந்தே பாட்டு. குசினியில் ஓயாமல் அதுதான் ஓடும். எந்தப் பெரிய கம்பனியும் வெளியிட்டதில்லை. குழு தானாகவே செய்து கச்சேரிகளில் விற்ற கசெற். கனடாவில் அப்படித் தனியாக வெளிவந்து பிளாட்டினம், அதாவது 100,000 பிரதி, தொட்டது அதுதான் முதல் தடவை. குயின் வீதியில் சிற்றி ரீவி என்ற தொலைக்காட்சி நிலையத்தின் கட்டடத்தோடு ஒரு சின்னக் கூண்டு இருந்தது. ஒரு டொலர் குற்றியைப் போட்டால் கமரா ஓடும், யாரும் போய் எதையும் பேசலாம். இவர்கள் ஐந்து பேரும் வாத்தியங்களோடு அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்று பாடினார்கள். ஒரு டொலரில் தொலைக்காட்சிக்கு வந்த குழு!

சரி, மக்கரோனிக்கு வருகிறேன். பாட்டில் வருவது கிராஃப்ட் டின்னர் என்ற பெட்டி மக்கரோனி, இந்த நாட்டில் காசில்லாதவனின் சாப்பாடு. பெட்டியை உடைத்து, அவித்து, செம்மஞ்சள் சீஸ் தூளைக் கொட்டிக் கிளறினால் முடிந்தது. பாட்டில் ஒருவர், காசு வந்தால் இனி அதைச் சாப்பிடத் தேவையில்லை என்பார். மற்றவர், இல்லை, அதையே இன்னும் கூடச் சாப்பிடுவோம் என்பார். பிறகு இருவரும் அதற்கு விலை கூடின கெச்சப் தேடுவார்கள். லொத்தர் விழுந்த ஒருவர், "இனி மூன்று நேரமும் பாணும் சம்பலும்தான், ஆனால் சம்பலுக்கு முழுத் தேங்காய்" என்று சொன்னால் நாங்கள் எப்படிச் சிரிப்போம்? அதே சிரிப்புத்தான்.

கே கார் 80களில் கிறைஸ்லர் செய்த பெட்டி மாதிரியான மலிவுக் குடும்பக் கார். பேஸ்மென்றில் ஒன்றாக இருந்த நாங்கள் நாலு பேர் காசு சேர்த்து வாங்கிய முதல் கார் அதுதான். மண்ணிறம். ஒரு முழுப் பனிக்காலம் எங்களை வேலைக்கு ஏற்றி இறக்கியது. மில்லியன் டொலரை வைத்துக்கொண்டு அந்தக் காரை வாங்கித் தருவேன் என்று ஒருவன் காதலிக்குப் பாடுகிறான்! இங்கிலீஷ் பாட்டில் எனக்கு முழுதாக விளங்கிய முதல் வரி அது. கையில் சோப்பு நுரையோடு நின்று சத்தமாகச் சிரித்தேன். வந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்றையும் மகனுக்குச் சொல்லுங்கள். கச்சேரிகளில் அந்த வரி வரும்போது சனம் மக்கரோனியைப் பெட்டியோடு மேடைக்கு எறியத் தொடங்கியது. எறிய வேண்டாம், உணவு வங்கிக்குக் கொடுங்கள் என்று குழு கேட்டு, மண்டபங்களில் அதற்குப் பெட்டி வைத்தது. 1988இல் இருவரும் முதன்முதலாக மேடையேறியதும் ரொறன்ரோ நகர மண்டபத்துக்கு முன்னால் உள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில், உணவு வங்கிக்கான ஒரு நிகழ்ச்சியில்தான். மூன்று வருடம் கழித்து, பெயர் பெண்களை அவமதிக்கிறது என்று, அதே சதுக்கத்தில் நடந்த புதுவருடக் கச்சேரியிலிருந்து இந்தக் குழுவை எடுத்துவிட்டார்கள். நீங்கள் திடுக்கிட்டதில் புதுமை இல்லை, தங்கச்சி. ஆனால் அந்தச் செய்தி பத்திரிகைகளில் வர, கசெற் இன்னும் வேகமாக விற்றது.

மேப்பிள் இலை:
அண்ணா எழுதியதோடு ஒன்று. பாட்டில் வரும் 'செஸ்டர்ஃபீல்ட்' கனடாவின் பழைய ஆட்கள் சோபாவுக்குச் சொல்லும் பெயர். மகன் கட்டாயம் கேட்பான். ஸ்டீவன் பேஜ் 2009இல் குழுவை விட்டுப் போய்விட்டார். 2018இல் கனடாவின் இசை விருதான ஜூனோ விழாவில் திரும்பச் சேர்ந்து நின்று இதே பாட்டைப் பாடினார்கள். அதைத் தேடி மகனோடு பாருங்கள். நான் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

வதனி:
எல்லோருக்கும் நன்றி, அண்ணாவுக்கு மிகவும் நன்றி. பாணும் சம்பலும் என்றதும் விளங்கிவிட்டது. நேற்று இரண்டு பெட்டி கிராஃப்ட் டின்னர் வாங்கினேன். ஒன்றை அவித்தோம். மகன் கெச்சப் ஊற்றிச் சாப்பிட்டான், நான் எனக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூள் தூவிக்கொண்டேன். மற்றதை உணவு வங்கிக்கென்று அவனே எடுத்து வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை பாட்டு.